சைரனுக்கு அளவெடுத்த விவரம்

மரியாதைக்கும் அந்த மரியாதையோடு சேர்த்துத் தைத்த கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள், கடையிலுள்ள தையல் மிஷின்கள் அனைவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமா, கண் ஆபரேஷன் செய்த இடத்தில் உறுத்தல் குறைந்ததா, டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை ஒழுங்காகப் போடுகிறீர்களா, இல்லை, போலீஸில் ஏட்டாக இருந்தவன் இதை மாட்டினால் திருடன் மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டீர்களா என்று அறிய ஆவல். அண்ணியின் முழங்கால் வலிக்கு என் அனுதாபங்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அண்ணா, போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியமாவது முழுசாக முடிக்கவிட்டிருக்கிறீர்களா? நான் "வந்து..." என்று ஆரம்பித்தால் நீங்கள் "தெரியும், தெரியும், சொல்லாதே" என்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கண் சரியாகும்வரை அண்ணிதான் உங்களுக்கு வாசித்துக்காட்டுவார் என்பதும் எனக்கு வசதி. அண்ணி, அவர் நடுவில் ஏதாவது சொன்னால் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். முக்கியமான இடங்களில் நான் சொல்வேன், அங்கே மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்தி வாசியுங்கள்.

இதோ முதல் இடம் வந்துவிட்டது. அண்ணா, நான் ஜெயித்துவிட்டேன். என் மச்சினன் சைரன் வந்தான். குடித்துவிட்டு வந்தான். கோபத்தோடு வந்தான். சம்பந்தியாகப் போகிறவர்கள் குடும்பத்தோடு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்தான். அப்படிப்பட்டவனை லத்தி இல்லாமல், விசில் இல்லாமல், ஒரு சட்டைப் பொத்தான்கூட அறுந்துவிழாமல், தனி ஆளாக அடக்கி உட்காரவைத்தேன். மகளின் கல்யாணம் உறுதியாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து என்னை நூல்கண்டு, நூல்கண்டு என்று கூப்பிட்டுவருகிறீர்களே, தொட்டால் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவன் என்று ஊர் முழுக்க விளக்கமும் சொல்லிவைத்திருக்கிறீர்களே, அந்தப் பெயரை இன்றோடு நிறுத்திக்கொள்ளும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இனி விவரமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளைப் பையன் நம் பெண் வேலை செய்கிற அச்சகத்திலேயே மிஷின் ஓட்டுகிறவன் என்பதும், இரண்டு பேரும் தாங்களாகவே பேசி முடிவுசெய்துவிட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பையனின் அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர், தங்கமான மனிதர், சிரித்துக்கொண்டே இருப்பார். இழுபறியெல்லாம் பையனின் அம்மாவிடம்தான். அவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அவர் ஒருமுறை நம்மைப் பார்த்தால் நம் கை தானாகவே போய்ச் சட்டையில் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். "வீட்டுக்கு வரோம், மனுஷங்களைப் பாக்கறோம், அப்புறம் சொல்றோம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த "அப்புறம்" என்ற ஒரு சொல்லில்தான் என் மகளின் சந்தோஷம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்தோம். திரைச்சீலை புதிதாகத் தைத்தேன். என் மனைவி என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஒருநாளாவது கழுத்துலேர்ந்து அந்த இஞ்ச் டேப்பைக் கழட்டுங்க. வர்றவங்க, இவர் நமக்கு அளவெடுக்கத்தான் கூப்பிட்டாரோன்னு நினைக்கப் போறாங்க" என்றாள். கழற்றிச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கழுத்து வெறுமையாக இருந்தது அண்ணா, சட்டை போடாமல் நிற்கிற மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு போட்டோ மாட்ட நினைத்தேன். கடை திறந்த அன்று எடுத்தது. நான், மனைவி, அவள் இடுப்பில் கைக்குழந்தையாக மகள், ஓரத்தில் சைரன், அவன் கை என் தோள்மேல். அதைப் பெரிதாக்கி வாங்கிவந்தேன். வீட்டில் ஒரு நல்ல சட்டம் இருந்தது, ஆனால் அகலம் போதவில்லை. துணி அதிகமாக இருந்தால் தையல்காரன் என்ன செய்வான்? வெட்டுவான். கத்திரியை எடுத்து ஓரத்தை நேர்க்கோடாக வெட்டி உள்ளே செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டிய பிறகுதான் மனைவி பார்த்தாள். சைரன் போய்விட்டான், அவன் கை மட்டும் கடிகாரத்தோடு என் தோள்மேல் இருந்தது. "இது யாரு கைன்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள். கையையும் வெட்டலாம்தான், வெட்டினால் என் தோளும் போகுமே! யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சைரனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அவ்வளவு உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களிடம் பேசிப்பேசி அந்தக் குரலும், குரலால் சைரன் என்ற பெயரும் வந்துவிட்டன. மற்ற நாளெல்லாம் பச்சைக்குழந்தை. எப்போதாவது குடிப்பான். குடித்தால் கோபம் முதலில் வந்துவிடும், எதன்மேல் என்பதை வந்த இடத்தில் தேடிக்கொள்வான். அவனைக் கூப்பிடவே வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். கூடப்பிறந்த தம்பியைக் கூப்பிடாமல் எப்படி என்று இவள் கேட்டாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். அன்று காலையில் நீங்கள் போன் செய்து, "அவன் எப்படியும் தண்ணியைப் போட்டுட்டுத்தான் வருவான். நான் சொல்றபடி செய், எத்தனை குடிகாரனைப் பார்த்தவன் நான்" என்று மூன்று வழிகள் சொல்லிக்கொடுத்தீர்கள் அல்லவா? அந்த மூன்று வழிகளும் என்ன கதிக்கு ஆளாயின என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். அண்ணி, அவர் எழுந்து போகப் பார்த்தால் பிடித்து உட்காரவையுங்கள்.

விருந்தினர்கள் வந்தார்கள். டீ கொடுத்தோம், கேக் வெட்டினோம், பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். தலைமையாசிரியை அம்மா திரைச்சீலையின் மடிப்பைப் பார்த்து, "நேரா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு என்று பையன் கண்ணாலேயே எனக்குச் சொன்னான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. சைரன்தான். கூட வேலைசெய்தவருக்குப் பிரிவுபசார விருந்தாம். மதியமே நன்றாக உபசரித்து அனுப்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்து, இரண்டு பக்க நிலையையும் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். நான்கூட இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்புறம் அவன் பார்வை சுவரில் போய் நின்றது. பாவி, அத்தனை போதையிலும் தன் கடிகாரத்தை அடையாளம் கண்டுகொண்டான்!

"இது என் கைதானே?" என்றான்.



"கை இங்க இருக்கு. நான் எங்க? ஏன் மாமா, என் கை மட்டும் வேணும், நான் வேணாமா?" என்று அவன் போட்ட சத்தத்தில் சம்பந்தியின் கையிலிருந்த டீ தட்டில் பாதி கொட்டிவிட்டது. பதறிப்போய் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

உங்கள் முதல் வழியை எடுத்தேன். கண்ணோடு கண் பார்த்து, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்து, ஒரே ஒரு சொல். அப்படியே செய்தேன். உங்கள் குரலையே மனசில் நினைத்துக்கொண்டு, "உட்காரு!" என்று ஒரு அதட்டல் போட்டேன். என்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். சம்பந்தி படக்கென்று உட்கார்ந்தார். தலைமையாசிரியை அம்மா உட்கார்ந்தார். பையன் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தான். என் மனைவி பிஸ்கட் தட்டோடு வந்துகொண்டிருந்தவள், பக்கத்தில் நாற்காலி இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டிருந்தது சைரன் மட்டும்தான். "என்னையா உக்காரச் சொன்னீங்க?" என்று கேட்டான். "இல்லப்பா, இவங்களைச் சொன்னேன்" என்று வாயில் வந்துவிட்டது.

சரி, இரண்டாம் வழி. அவன் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே, ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இரு, காற்று இறங்கிவிடும் என்றீர்கள். நல்ல வழிதான். ஆனால் அவன் என்ன சொல்லுவான் என்பதை நீங்கள் யோசிக்கவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு யாரு? யாருமே இல்ல!"

"ஆமாம்."

"என்னது, ஆமாவா?"

"ஆமாம் ஆமாம்."

"மனுஷனை வெட்டி வீசற வீடு மாமா இது! இந்த வீட்ல எவனாவது பொண்ணு எடுப்பானா?"

"ஆமா..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினேன். விழுங்கிய பாதியும் தலைமையாசிரியை அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கையிலிருந்த கோப்பையை மேஜைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். என் மகள் கையில் வைத்திருந்த கேக்கை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மூன்றாவது வழி, வெளியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது. சொன்னேன். "யாரு கூப்பிடறா?" என்று கேட்டான். யார் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லையே அண்ணா! எங்கள் வீட்டுக்குக் கீழே பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார் அல்லவா, வாயில் அதுதான் வந்தது. "கீழ பல் டாக்டர் கூப்பிட்டாரு" என்றேன். போனான். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியிடம், "ரொம்ப நல்ல பையன், வேலைக் களைப்பு" என்று சொல்லி, கேக் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று உபசரித்தேன். அந்தப் பதற்றத்தில் கதவைச் சாத்த மறந்துபோனது. படியில் மறுபடியும் சத்தம், இந்தத் தடவை இரண்டு ஜோடிச் செருப்பு. சைரன் பல் டாக்டரை மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். டாக்டரின் கையில் ரப்பர் உறை, விரலிடுக்கில் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி.

"சொல்லுய்யா, நீ என்னைக் கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடலைங்க. கீழ ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு, என்னை விடுங்க" என்றார் டாக்டர்.

"பாத்தீங்களா! பொய்! வெட்டினதும் இல்லாம பொய்யும்!" என்று சைரன் சட்டத்தைப் பிடுங்கச் சுவரை நோக்கி நடந்தான். சட்டத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி. தலைமையாசிரியை அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அப்போது என் மகள் என் பின்னால் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பா, ஏதாவது பண்ணுங்கப்பா" என்றாள். அண்ணா, நான் கோழைதான், அதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் இதுவரை ஒரு நல்ல செருப்புகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் முன்னால் போனேன். போய்ச் சுவருக்கும் சைரனுக்கும் நடுவில் நின்றேன்.

அண்ணி, இங்கே குரலை உயர்த்தவும்.

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டேன், வந்தது டேப். வந்ததும் பழக்கதோஷம், அது கழுத்தில் ஏறிவிட்டது. அதே நேரம் சைரன் என் முன்னால் வந்து இரண்டு கையையும் மேலே தூக்கினான். போட்டோவைப் பிடுங்கத் தூக்கினானா, என் மண்டையில் போடத் தூக்கினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முன்னால் ஒரு மனிதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றால் என் கை சும்மா இருக்குமா? வாழ்நாள் முழுக்க என் முன்னால் கை தூக்கியவர்கள் எல்லாம் அளவுகொடுக்க வந்தவர்கள்தானே! நான் யோசிக்கும் முன்னால் டேப் அவன் முதுகைச் சுற்றி வந்து மார்பில் சேர்ந்துவிட்டது. வாயும் தானாகவே திறந்து, கடையில் கத்துவதுபோல, "மார்பு நாற்பத்திரண்டு!" என்றது.

திட்டம் போட்டுத்தான் செய்தேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன்.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். நான் நம்பரைச் சொன்னதும் சம்பந்தியின் கை சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தது. பாவம், வேலை அப்படி. யாராவது நம்பர் சொன்னால் எழுதிவிட வேண்டும் அவருக்கு. கேக் பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, "நாற்பத்திரண்டு" என்று திருப்பிச் சொல்லி எழுதினார். "அடுத்தது?" என்று கேட்டார்.

சைரன் தூக்கிய கையை இறக்கவில்லை. அளவெடுக்கும்போது ஆடக் கூடாது என்பது குடித்தவனுக்கும் தெரிகிறது அண்ணா! "என்ன மாமா பண்றீங்க?" என்றான். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"ஆடாதே. கோட்டுக்கு அளவு."

"யாருக்குக் கோட்டு?"

"கல்யாணத்தன்னைக்குப் பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கப்போற தாய்மாமனுக்கு. திரும்பு, தோள் எடுக்கணும்."

திரும்பினான். டேப்பை அந்தத் தோளில் வைத்தேன். கடை திறந்த அன்று மிஷினை மாடிக்கு ஏற்ற ஆள் கிடைக்காமல் நான் வாசலில் விழித்துக்கொண்டு நின்றபோது, அந்த இரும்பு மிஷினைத் தனியாகச் சுமந்து படியேறிய தோள் அது. போட்டோவில் என் தோள்மேல் கை போட்டுக்கொண்டு அவன் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது அதனால்தான். இத்தனை வருஷத்தில் ஊரில் உள்ளவனுக்கெல்லாம் தைத்த நான் இவனுக்கு ஒரு கைக்குட்டைகூட ஓரம் அடித்துக் கொடுத்ததில்லை. "தோள் பத்தொன்பது" என்றேன். சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை. சம்பந்தி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்.

கை நீளம் எடுத்தேன். தலைமையாசிரியை அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே எட்டிப்பார்த்து, "கை கொஞ்சம் நீளமா வைங்க. தூக்கும்போது மணிக்கட்டு தெரியக் கூடாது" என்றார். "சரிங்க" என்றேன். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி பல் டாக்டரிடம் கொடுத்தேன், அவரும் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக வயிறு. அண்ணா, என் தொழில் ரகசியத்தில் ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். இடுப்பைச் சுற்றி டேப் போட்டதும் எப்பேர்ப்பட்ட ஆளும் வயிற்றை உள்ளே இழுப்பான். நீதிபதி இழுப்பார், மல்யுத்தக்காரன் இழுப்பான், உங்கள் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் என் கடையில் மூச்சே நின்றுபோகிற அளவுக்கு இழுத்திருக்கிறார். சைரனும் இழுத்தான். வயிற்றை உள்ளே இழுத்தவனால் கத்த முடியாது! கத்த வேண்டுமானால் மூச்சை விட வேண்டும், மூச்சை விட்டால் வயிறு வெளியே வந்துவிடும், சம்பந்திவீட்டார் முன்னால் வயிறு வெளியே வர எந்த ஆணுக்கும் மனசு வராது. சம்பந்திக்கு நம்பரைச் சொல்லிவிட்டு, டேப்பை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். சட்டம் சின்னதாக இருந்தது, நான் யோசிக்காமல் வெட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, நீ சுமக்கவில்லை என்றால் கடையே இல்லை, கல்யாணப் போட்டோவில் உன்னை நடுவில் நிறுத்தாவிட்டால் நான் கத்திரியைத் தொடவேமாட்டேன் என்று. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினான். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி மூச்சடைப்பு, பாதி பாசம்.

"நடுவுலயா மாமா?" என்று கீச்சுக்குரலில் கேட்டான்.

"நடுவுல."

டேப்பை விட்டேன். காற்றுப்போன மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "என் கைன்னு எனக்குத் தெரியாதா..." என்று விசும்பிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த என் மகளின் தோளில் சாய்ந்து தூங்கியே போனான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கேக் துண்டை அப்போதுதான் வாயில் போட்டாள்.

தலைமையாசிரியை அம்மா சைரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரிலிருந்த கையைப் பார்த்தார். பிறகு கைப்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "குடிக்கறது தப்பு. அதை அவர் எழுந்ததும் நானே சொல்றேன்" என்றார். "ஆனா அவ்வளவு கோபத்துலயும் சபைக்கு மரியாதை கொடுத்து வயித்தை உள்ள இழுத்தாரே, அந்த மனுஷனை விட்டுடக் கூடாது. கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

அண்ணா, அந்த நிமிஷம் நான் இரண்டு அடி உயர்ந்துவிட்டேன். சம்பந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையன் ஜன்னல் திட்டிலிருந்து குதித்து இறங்கினான். பல் டாக்டர் கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒரு கோட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தவரைக் கவனிக்கக் கீழே ஓடினார். என் மனைவி எல்லோரும் பார்க்க, "இனிமே டேப்பைக் கழட்டாதீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது இது முதல் தடவை, அதனால்தான் எழுதிவைக்கிறேன். இப்போது தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் என்னை முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள், டேப்போடு.

எனவே இதனால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அதட்டலும் வேண்டாம், ஆமாம் போடுவதும் வேண்டாம், தந்திரமும் வேண்டாம். உங்கள் மூன்று வழிகளையும் நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்று உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் தயங்காமல் என்னைக் கேட்கலாம். சைரனின் கோட்டை வெட்டி முடித்துவிட்டேன், தைத்துக்கொண்டிருக்கிறேன். கரும்பச்சைத் துணி, உள்ளே வழவழவென்று லைனிங். அவன் அதைப் போட்டு நிற்கிற அழகையும் பார்த்து ஒரு வரி சேர்த்த பிறகு இதைத் தபாலில் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் கண்ணுக்குச் சீக்கிரம் தெளிவும், அண்ணிக்கு வலியில்லாத முழங்காலும், இருவருக்கும் நீண்ட ஆயுளும் கிடைக்க வேண்டுகிறேன். என் மகளை மனசார வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
(வேறு பெயர் எதுவும் கிடையாது)

பின்குறிப்பு: அண்ணி, இதை மெதுவான குரலில் வாசியுங்கள். கோட்டு தைத்தாகிவிட்டது. இன்றைக்குச் சைரன் போட்டுப்பார்க்க வந்தான். குளித்து, தலைசீவி, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் வந்தான். கண்ணாடி முன்னால் நிறுத்தி மாட்டிவிட்டேன். தோள் பிரமாதம், கை பிரமாதம். வயிற்றில் பொத்தான் சேரவில்லை. பொத்தான் இந்தப் பக்கம், காஜா அந்தப் பக்கம், நடுவில் அவன். அளவெடுக்கும்போது மூச்சை விடச்சொல்லி, அதன்பிறகுதான் நான் நம்பர் சொல்வது வழக்கம். அன்றைக்கு மூச்சை விட்டால் கத்திவிடுவானே என்று, இழுத்த வயிற்றோடேயே சொல்லிவிட்டேன், சம்பந்தியும் எழுதிவிட்டார். உள்ளே மடித்துவிட்ட துணியையெல்லாம் பிரித்துப் பார்த்தாயிற்று, அப்படியும் எட்டவில்லை. "போட்டோல என்னைப் பாதி வெட்டினீங்க, இப்பக் கோட்டுலயும் பாதியா மாமா?" என்று ஆரம்பித்துவிட்டான். குடித்திருந்தாலாவது தூங்கி எழுந்தால் மறந்துபோவான். "சரி, மறுபடியும் அளவெடுத்துடலாம், கையைத் தூக்கு" என்று டேப்போடு போனேன். இரண்டு கையையும் இறுக்கக் கட்டிக்கொண்டு, "தூக்க மாட்டேன்" என்கிறான். மண்டபம் பார்ப்பதற்காகச் சம்பந்திவீட்டார் கிளம்பிவிட்டார்களாம், வந்துகொண்டே இருக்கிறார்கள். தலைமையாசிரியை அம்மா அவனிடம் குடியைப் பற்றிப் பேச வேறு போகிறார். இதைக் கடைக்குள், துணி மாற்றுகிற திரைக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன்.

அண்ணா, நாலாவது வழி ஏதாவது இருக்கிறதா? இதைத் தபாலில் போட்டால் நேரமாகிவிடும் என்று மகளிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அண்ணியின் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாசித்தவுடன் கூப்பிடுங்கள். நான் எடுக்கிறேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உங்கள்,
நூல்கண்டு